வாளி விளிம்பு, விரல் இடுக்கு: சிங்கப்பூரில் ஐந்து நாள் பயிற்சிப் பயணம்

முதல் நாள், புதன்: தேக்கா

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேலே வந்தால் பஃபலோ ரோட்டில் வாழைப்பூவும் முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும். அதைத் தாண்டி ஒரு கடைவீட்டின் மாடியில் தன்னார்வலர்களுக்கான வகுப்பு. பதினெட்டுப் பேர். பாதிப்பேர் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் இருக்கும் அக்காமார். மீதிப்பேர் ஊழியர் தங்குவிடுதிகளிலிருந்து விடுப்பு சொல்லிவிட்டு வந்த தம்பிமார்.

படிக்க வந்திருக்கும் பாடத்தின் பெயர்தான் நீளம்: புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இப்போது 21 வகை. 2017ல் சிரங்கும் பாம்புக்கடியும் சேர்ந்தன. 2023 டிசம்பரில் நோமா என்ற வாய் அழுகல் நோய். சிங்கப்பூரில் நின்று பார்த்தால் அதில் நான்கைந்துதான் கண்ணில் படும். டெங்கி இங்கேயே பரவுவது. சிரங்கு, ஆட்கள் நெருக்கிப் படுக்கும் இடமெல்லாம் வருவது. தொழுநோயும் யானைக்காலும் பெரும்பாலும் ஊரிலிருந்தே உடம்போடு வந்து, ஆண்டுகள் கழித்து இங்கே தலைகாட்டுபவை.

இந்த மாதிரி வகுப்புகளில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று: முதல் மணி நேரத்திலேயே திரையில் தூண்போல வீங்கிய கால், விரல் மழுங்கிய கை என்று படங்கள். பார்ப்பவர் மிரள்வார், "நம்ம புளோக்கில் இப்படி யாரும் இல்லை" என்று முடிவும் கட்டிவிடுவார். தன்னார்வலர் கண்டுபிடிக்க வேண்டியது அந்தக் கட்டத்தை அல்ல. வெளிறிய ஒரு தேமல், ராத்திரி மட்டும் கூடும் அரிப்பு, மழை பெய்த மறுநாள் கால்விரல் இடுக்கில் ஒரு வெடிப்பு. அதனால் இன்று படமே போடவில்லை.

மூன்று தடைகள் மட்டும் பலகையில் எழுதப்பட்டன. நோயின் பெயரை நாம் சொல்லக்கூடாது. மருந்து நாம் கொடுக்கக்கூடாது. யாருடைய தோலையும் நம் கைப்பேசியில் படம் பிடிக்கக்கூடாது. கண்டுபிடிப்பது, மருத்துவரிடம் சேர்ப்பது, சொன்னபடி சிகிச்சை முடிந்ததா என்று பார்ப்பது, இவ்வளவுதான் வேலை. இந்த மூன்றாவது வேலையில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம்.

இரண்டாம் நாள், வியாழன்: ஈசூன்

டோபி காட்டில் மாறி, வடக்கு-தெற்கு வழித்தடத்தில் ஈசூன். இன்று வீடுகளில் கொசுப்புழு தேடுவது. புளோக்கின் திறந்த தரைத்தளமான வாய்டு டெக்கில் கூடி இருவர் இருவராகப் பிரிந்தாயிற்று. ஒரு ஜோடிக்கு ஒரு பை: கைவிளக்கு, நீளப் பிடி போட்ட 350 மில்லி வெள்ளைக் கரண்டி, பிளாஸ்டிக் டிராப்பர், மூடி போட்ட சின்னக் குப்பி, பழைய பல்துலக்கி, ஸ்பாஞ்சு. கரண்டியைப் பார்த்ததும் எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். வீட்டுக்குள் அது உதவாது. பூந்தொட்டித் தட்டில் நிற்கும் நீர் கரண்டி முங்கும் ஆழம்கூட இராது, அங்கே டிராப்பர்தான். கரண்டி மழைநீர்க் கால்வாய்க்கு.

இருபது காசு நாணயம் அகலத்துக்கு நீர் நின்றால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள். ஆகவே வாரம் ஒருமுறை பார்ப்பதே கடைசி எல்லை. ஒரு வாரம் தவறினால் அந்தச் சுற்று பறந்துவிடும்.

வீட்டுக்காரர்கள் "தண்ணிய கொட்டிட்டேன்" என்பார்கள். அது பாதி வேலை. ஏடிஸ் நீர்மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உள்சுவரில் ஒட்டுகிறது. கறுப்பு ரவை போல இருக்கும் அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி நீர் ஏறி அதைத் தொட்டதும் பொரிக்கும். கவிழ்த்து வைத்த வாளியை நிமிர்த்தி நீர் பிடித்தால், பழைய முட்டைக்கு அது போதும். எனவே கொட்டிய பிறகு உள்விளிம்பை ஸ்பாஞ்சால் சுற்றித் தேய்க்க வேண்டும். தேய்த்த நீரைக் கால்வாயில் ஊற்றாமல் காய்ந்த தரையில் ஊற்றுவது நல்லது.

வீட்டுக்குள் போனால் வாசலிலிருந்து இடப்பக்கமாகச் சுற்றி வந்து வாசலிலேயே முடிக்கச் சொன்னோம். மனம்போல் தேடினால் ஒரு மூலை விட்டுப்போகும். தமிழ் வீடுகளில் பார்க்க வேண்டிய இடங்களுக்கென்று ஒரு தனி வரிசை உண்டு. கறிவேப்பிலைத் தொட்டித் தட்டு, துளசித் தொட்டித் தட்டு, சாமி மாடத்துக் கும்பம், வரவேற்பறையில் பூ மிதக்கும் பித்தளை உருளி, பாட்டிலில் வளரும் மணிபிளான்ட். மணிபிளான்ட் நீரை ஒன்றுவிட்டு ஒருநாள் மாற்றுகிறவர்கள்கூட வேரைக் கழுவுவதில்லை. முட்டையும் புழுவும் வேரில் தங்கிவிடும். பிறகு துணி காயப்போடும் கழி செருகும் குழாய். கழி இல்லாதபோது அதற்கு மூடி போட வேண்டும். மூடி தொலைந்த குழாய்தான் பழைய புளோக்குகளில் அதிகம். யாரும் பயன்படுத்தாத கழிவறைத் தொட்டி கடைசி. தொட்டி மண் இறுகிப்போனால் மேலேயே நீர் தேங்கும். ஒரு முள்கரண்டியால் கிளறிவிட்டால் தீர்ந்தது.

ஒரு தட்டில் நிஜமாகவே புழு. அங்கே கூடிய ஐந்து பேரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் நிழல் விழுந்தது, புழுக்கள் அடியில் போய்விட்டன. எல்லாக் குழுவுக்கும் நடப்பது இதுதான். விளக்கைச் சாய்வாகப் பிடித்து, அசையாமல் ஒரு நிமிடம் நின்றால் மூச்சு வாங்க மேலே வரும். தலைகீழாகச் சாய்ந்து தொங்கும், வாலருகே கட்டையான குட்டிக் குழல் இருக்கும், நகர்ந்தால் பாம்பு நெளிவது போல நெளியும்: அது ஏடிஸ். குழல் நீண்டு மெலிந்திருந்தால் கியூலெக்ஸ். நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்திருந்தால் அனோபிலிஸ். புழுவை டிராப்பரில் எடுத்து வீட்டுக்காரரிடமே காட்ட வேண்டும், ஆனால் சாட்சிப் பொருள் போல நீட்டக்கூடாது. முதல்முறை பிடிபட்டாலே 200 வெள்ளி அபராதம் என்பது எல்லாருக்கும் தெரியும். தன்னார்வலரையும் அதிகாரி என்றே நினைப்பார்கள். கதவைத் தட்டியதும் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "அக்கா, நாங்க சுற்றுப்புற வாரியத்து ஆளுங்க இல்ல, சும்மா கூட சேர்ந்து பாக்க வந்தோம். உள்ள வரலாமா, இல்ல நீங்களே பாத்துச் சொல்றீங்களா?" இரண்டாவது பாதி கட்டாயம். வேண்டாம் என்று சொல்ல வழி வைத்தால்தான் பலர் கதவைத் திறக்கிறார்கள்.

இந்த வட்டாரத்தில் இரண்டு கேள்விகள் வந்தே தீரும். "மாடிப்படிப் பக்கம் கறுப்பு டப்பா ஒன்னு தண்ணியோட இருக்கே, அதுலயும் கொசு வராதா?" அது கிராவிட்ராப் என்ற கொசுப் பொறி. வைக்கோல் ஊறிய நீரின் வாடைக்கு முட்டையிட வரும் பெண் கொசு உள்சுவரின் பசையில் ஒட்டிக்கொள்ளும். தப்பித் தவறி முட்டையிட்டுப் பொரித்தாலும் வலை மேலே வர விடாது. நல்லது செய்வதாக நினைத்துக் கவிழ்க்க வேண்டாம். அதில் விழும் எண்ணிக்கையை வைத்துத்தான் எந்தப் புளோக்கைக் கவனிப்பது என்று தீர்மானிக்கிறார்கள். இன்னொரு கேள்வி: "ஒரு பக்கம் கொசுவ ஒழிக்கச் சொல்றாங்க, இன்னொரு பக்கம் அவங்களே கொண்டுவந்து விடுறாங்களே?" விடுவது வோல்பாக்கியா நுண்ணுயிர் ஏற்றிய ஆண் கொசு. ஆண் கடிக்காது. அதோடு சேரும் உள்ளூர்ப் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. 2016ல் சிறிய அளவில் தொடங்கிய திட்டம் இது. அது நடக்கிற இடத்திலும் தட்டைத் தேய்ப்பதை நிறுத்த முடியாது. பெண் கொசு கூட்டமாக இருந்தால் விடுகிற ஆண்கள் எண்ணிக்கையில் தோற்றுப்போகும்.

150 மீட்டருக்குள், 14 நாள் இடைவெளிக்குள் இரண்டு பேருக்கு டெங்கி கண்டால் அதை ஒரு குழுமம் என்று கணக்கிடுகிறார்கள். பத்துப் பேர் எட்டினால் அந்த வட்டாரத்தில் தொங்கும் எச்சரிக்கைப் பதாகை சிவப்பு. 2020ல் நாடு முழுவதும் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது.

மதியம் காய்ச்சல் அட்டை, அதாவது காய்ச்சல்காரரைப் பற்றித் தன்னார்வலர் குறித்துக்கொள்ளும் அட்டை. அதில் "மூன்று நாளாகக் காய்ச்சல்" என்று எழுதினால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். தொடங்கிய தேதி வேண்டும். ஏனென்றால் டெங்கியில் ஆபத்து காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல, இறங்கும்போது; பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே. "சூடு போயிடுச்சு, நாளைக்கு சைட்டுக்குப் போறேன்" என்று கிளம்புகிறவரைத்தான் நிறுத்த வேண்டும். கேட்க வேண்டியவை: வயிறு விடாமல் வலிக்கிறதா, வாந்தி நிற்கவில்லையா, ஈறிலோ மூக்கிலோ ரத்தமா, எழுந்தால் மயக்கமா, ஆள் சோர்ந்து கிடக்கிறாரா அல்லது நிலைகொள்ளாமல் தவிக்கிறாரா, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா. ஒன்று ஆம் என்றாலும் காத்திருக்கக்கூடாது. பெட்டியைத் திறந்து மாத்திரைகளையும் பார்க்கச் சொன்னோம். ஊரிலிருந்து கொண்டுவந்த டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. வெறும் நீரை விட உப்புச்சர்க்கரைக் கரைசல் மேல்.

மூன்றாம் நாள், வெள்ளி: சுங்கை காடுட்

கிராஞ்சி நிலையத்தில் இறங்கி, மரக்கடைகளும் கிடங்குகளும் தாண்டி ஒரு தங்குவிடுதி. 12 படுக்கை அறை ஒன்றில் நான்கு பேருக்கு அரிப்பு. விடுதி மருந்தக மருத்துவர் பார்த்து சிரங்கு என்று உறுதி செய்து, பன்னிரண்டு பேருக்கும் பெர்மெத்ரின் 5 விழுக்காட்டுக் களிம்பு எழுதிவிட்டார். இன்று இரவு முதல் பூச்சு. தன்னார்வலர்களுக்கு இதை விட நல்ல வகுப்பறை கிடைக்காது.

முதலில் அரிப்பை வகை பிரிப்பது. கட்டுமானத் தம்பிகளின் தோலில் எல்லாமே கலந்திருக்கும். முதுகிலும் கழுத்திலும் பொடிப்பொடியாக இருந்தால் வேர்க்குரு. திறந்த கையிலும் காலிலும் வரிசையாக மூன்று நான்கு தடிப்பு என்றால் மெத்தையின் தையலைத் திருப்பி மூட்டைப்பூச்சி பாருங்கள். வட்டமாக, ஓரம் தடித்து நடுவில் தெளிந்தால் படை. கையுறைக்குள் மட்டும் வெடித்திருந்தால் சிமெண்ட். சிரங்கு விரல் இடுக்கு, மணிக்கட்டின் உள்பக்கம், அக்குள், இடுப்புப் பட்டை படும் இடம், தொப்புள், பிறப்புறுப்பு என்று ஒளியும். இரண்டு கேள்வி பாதித் தூரம் கொண்டுபோகும்: "அண்ணே, ராத்திரி படுத்தா கூடுதா? ரூம்ல வேற யாருக்கும் இருக்கா?" படையிலும் சிரங்கிலும் குழப்பம் வரக் காரணம் பெரும்பாலும் ஊர்க் கடையில் வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அரிப்பு அடங்கும், வட்டம் கலையும், நோய் மட்டும் பரவும். என்ன பூசினீர்கள் என்று கேட்டால் மறைப்பார்கள். "டியூபைக் காட்டுங்க" என்றால் எடுத்துக் காட்டுவார்கள்.

இனி களிம்பு. விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், அதுதான் ஒரு நுனி. ஒரு கைக்கு மூன்று நுனி, உள்ளங்கை புறங்கைக்கு ஒன்று, ஒரு காலுக்கு ஆறு, பாதத்துக்கு இரண்டு, மார்பு வயிறுக்கு ஏழு, முதுகுக்கு ஏழு. கை, கால் இரு பக்கமும் சேர்த்துக் கூட்டினால் கழுத்துக்குக் கீழே 38 நுனி, அதாவது 19 கிராம். 30 கிராம் டியூப் ஒருவருக்குத் தாராளம். பாதி டியூபை மிச்சம் பிடித்து அடுத்தவருக்குக் கொடுத்தால் இருவருக்கும் ஆகாது. அரிக்கிற இடத்தில் மட்டும் தடவுவதுதான் எங்கும் காணும் பிழை. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்துக்கு அடியில், தொப்புளுக்குள், பிட்ட இடுக்கில், கால்விரல் நடுவில். முதுகை இன்னொருவர்தான் பூச வேண்டும், ஜோடி சேர்த்துவிடுங்கள். வெந்நீரில் குளித்த சூட்டோடு பூசக்கூடாது. உடம்பு ஆறி, ஈரம் காய்ந்த பிறகு.

நேரம்தான் கணக்கு. களிம்பு 8 முதல் 14 மணி நேரம் இருக்க வேண்டும். இவர்களுக்கு விடிகாலை ஐந்தரைக்கு லாரி, ஐந்து மணிக்குக் குளியல். அப்படியானால் இரவு ஒன்பதுக்குள் பூசி முடிக்க வேண்டும். சாப்பாடு அதற்கு முன்பே ஆக வேண்டும், கையால் சாப்பிட்டுக் கழுவினால் விரல் இடுக்கில் மருந்து போய்விடும். அறையில் மூன்று முஸ்லிம் தம்பிகள்: இஷா என்ற இரவுத் தொழுகை முடித்துவிட்டுப் பூசினால் இடையில் ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்ய வேண்டியதில்லை. இடையில் யார் கை கழுவினாலும் கைக்கு மட்டும் மறுபடி ஒரு நுனி. இரவு வேலைக்காரர் ஒருவர். அவர் காலையில் வந்து பூசிக்கொண்டு தூங்குவார். பன்னிரண்டு பேரும் ஒரே 24 மணி நேரத்துக்குள் வந்துவிட்டார்களா என்பதே கேள்வி. அரிப்பு இல்லாத எட்டுப் பேர் "எனக்கு எதுக்கு?" என்பார்கள். முதல்முறை தொற்றினால் நான்கு முதல் ஆறு வாரம் அரிப்பே தெரியாது; அதற்குள் பூச்சி உடம்பில் குடியிருக்கும். ஒருவர் விட்டுப்போனாலும் அறைக்கே திரும்பி வரும்.

துணி விஷயத்தில் வீணாகப் பயப்பட வேண்டாம், அசட்டையும் வேண்டாம். உடம்பை விட்டு வெளியே பூச்சி இரண்டு மூன்று நாள்தான் தாக்குப்பிடிக்கும். கடைசி மூன்று நாள் போட்ட துணி, விரிப்பு, துண்டு, கைலி 60 டிகிரி வெந்நீரில். அதற்கு வசதி இல்லாவிட்டால் குப்பைப் பையில் போட்டு இறுகக் கட்டி நான்கு நாள் ஓரமாக வைத்தால் போதும். பையில் தேதி எழுத வேண்டும். எழுதாத பையை மறுநாளே யாராவது அவிழ்ப்பார்கள்.

அரிப்பு சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கும். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் தினமும் களிம்பு பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள். இரண்டாம் பூச்சு ஏழாம் நாள், அவ்வளவே. நான்கு வாரத்துக்குப் பிறகும் புதுக் கொப்புளம் வந்தால், அல்லது தோல் செதில் செதிலாகத் தடித்து அடைகட்டினால் உடனே மருத்துவரிடம். பின்னது பூச்சி ஆயிரக்கணக்கில் பெருகிய கடும் வகை.

ஒரு கிளைக்கதை. கிராஞ்சிப் பக்கம் புதர் வெட்டுகிறவர்கள் பாம்புக்கடி பற்றிக் கேட்டார்கள். கட்டுப் போடாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995. துப்பும் நாகம் இங்கே உண்டு. கண்ணில் பட்டால் கசக்காமல் குழாய் நீரில் இருபது நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான்காம் நாள், சனி: நொவீனா

மோல்மீன் ரோட்டின் பழைய தொற்றுநோய் மருத்துவமனை வட்டாரத்தில் இப்போது 330 படுக்கைகளோடு தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம். மண்டலே ரோட்டில் தேசியத் தோல் நிலையம். வாடகை அறையில் இன்று தொழுநோய்ப் பாடம். ஒரு பந்துமுனைப் பேனாவும் கொஞ்சம் பஞ்சும் மட்டுமே கருவி.

தொற்றி வெளிப்பட சராசரியாக ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபதும் ஆகலாம். அதனால் "இங்க வந்து எட்டு வருஷம் ஆச்சே" என்பது பதில் ஆகாது. வெளிறிய அல்லது சிவந்த தேமல், அரிக்காது, வலிக்காது, சிலசமயம் வியர்க்காது. அரிக்காததாலேயே யாரும் காட்டுவதில்லை.

உணர்வுச் சோதனை எளிது போலத் தெரிந்து, எல்லாரும் தவறாகச் செய்வது. முதலில் கண் திறந்திருக்க, நல்ல தோலில் பஞ்சு நுனியால் தொட்டுக் காட்டி, தொட்ட இடத்தை ஒரு விரலால் சுட்டச் சொல்ல வேண்டும். புரிந்ததா என்று தெரிந்த பிறகுதான் கண்ணை மூடச் சொல்ல வேண்டும். பிறகு தேமலின் நடுவிலும் ஓரத்திலும் நல்ல தோலிலும் மாற்றி மாற்றி, ஒழுங்கில்லாத இடைவெளியில். தாளம் பிடித்துத் தொட்டால் ஆள் தாளத்துக்கு விரலை நீட்டுவார். "தெரியுதா?" என்று கேட்கவே கூடாது, கேட்டால் "தெரியுது" என்றே வரும். பஞ்சை இழுக்கக்கூடாது, தொட்டு எடுக்க வேண்டும். காப்புக் காய்த்த உள்ளங்கையில் சோதித்தால் எல்லாக் கொத்தனாருக்கும் உணர்வு இல்லை என்று வரும்.

அடுத்து நரம்பு. முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் உருளும் நரம்பை இரு பக்கமும் ஒப்பிட்டுத் தொடுவது. சுண்டு விரலை விறைப்பாக நீட்டச் சொல்லி எதிர்த்துத் தள்ளுவது. கண்ணை இறுக்கி மூடச் சொல்லி இடைவெளி இருக்கிறதா பார்ப்பது. ஒரு தேமல், உணர்வு இல்லை: இவ்வளவு போதும், பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அனுப்ப.

சிகிச்சை தொடங்கியவரைப் பின்தொடர்வதுதான் தன்னார்வலரின் மெய்யான பங்கு. பெரியவர்களுக்கு மாதம் ஒருமுறை ரிஃபாம்பிசின் 600, குளோஃபாசிமின் 300 மில்லிகிராம். தினமும் டாப்சோன் 100, குளோஃபாசிமின் 50. தேமல் ஐந்துக்குள் என்றால் ஆறு மாதம், அதற்கு மேல் என்றால் பன்னிரண்டு. ரிஃபாம்பிசின் விழுங்கிய அன்று சிறுநீர் சிவக்கும்; குளோஃபாசிமின் தோலைக் கருக்கும், நிறுத்திய பிறகு மெல்லத் தெளியும். இதை முதல் நாளே சொல்லாததால் மூன்றாம் மாதம் மருந்தை நிறுத்தியவர்கள் எங்கும் உண்டு. சிகிச்சையின் நடுவே தேமல் திடீரெனச் சிவந்து வீங்கினால், முழங்கை நரம்பு வலித்தால், அது மருந்து ஒத்துக்கொள்ளாததல்ல, உடம்பின் எதிர்வினை. அன்றே மருத்துவர், மாத்திரையை நிறுத்தாமல்.

அறைத் தோழர்கள் படுக்கையைத் தள்ளிப் போடுவார்கள். அவர்களிடம் சொல்ல ஒரே வரி: முதல் சில வேளை மருந்திலேயே தொற்றும் தன்மை போய்விடும்.

ஐந்தாம் நாள், ஞாயிறு: பெஞ்சுரு

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுரு பொழுதுபோக்கு நிலையத்தில் கிரிக்கெட், பணம் அனுப்பும் வரிசை, பிரியாணி வாசனை. ஓர் ஓரமாக ஆறு பிளாஸ்டிக் தொட்டி, ஆறு நாற்காலி. இன்று கால் கழுவுவது.

யானைக்கால் புழு நிணநீர்க் குழாயைக் கெடுத்த பிறகு, காலைப் பெரிதாக்குவது பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் பாக்டீரியாத் தொற்று. அது நுழையும் வாசல் கால்விரல் இடுக்கு. மழையில் நனைந்த பாதுகாப்பு பூட்ஸுக்குள் பத்து மணி நேரம் இருக்கும் காலில் சேற்றுப்புண் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். புழுவே இல்லாத காலுக்கும் இந்தப் பாடம் பொருந்தும் என்பதால் யாரையும் தனியாகப் பிரித்து உட்கார வைக்க வேண்டியதில்லை; வெட்கமும் இல்லை.

சாதாரண நீர், வெந்நீர் வேண்டாம். வாசனை இல்லாத சோப்பு. முழங்காலிலிருந்து கீழ்நோக்கி, மடிப்பு மடிப்பாக, கடைசியில் விரல் இடுக்குகளை மெல்லிய துணியால் ஒவ்வொன்றாக. பிரஷ் போட்டுத் தேய்த்தால் புது வாசல் திறக்கும். கழுவிய நீர் தெளியும் வரை மாற்ற வேண்டும். துண்டால் ஒற்றி எடுத்து, இடுக்குக்குள் துணியின் நுனியைச் செருகி ஈரத்தை வாங்க வேண்டும். ஆறு பேரில் நான்கு பேர் இங்கேதான் அவசரப்பட்டார்கள். காய்ந்த பிறகு விளக்கு வைத்து வெடிப்பு தேடி, இருந்தால் பூஞ்சைக் களிம்பு. வீங்கிய கால் என்றால் காலை, இரவு இரண்டு வேளை. இரவில் காலைத் தலையணை மேல். பூட்ஸுக்கு இரண்டு ஜோடி காலுறை, மதியம் மாற்ற. கால் திடீரெனச் சிவந்து சூடாகி, இடுப்பு மடிப்பில் நெறிகட்டிக் காய்ச்சலும் வந்தால் உடற்பயிற்சி, உருவிவிடுதல் எல்லாம் நிறுத்திவிட்டு மருந்தகம். தங்குவிடுதி ஊழியருக்கான அடிப்படை மருத்துவத் திட்டம் 2022 ஏப்ரலில் வந்தது. மருந்தகத்துக்கு ஒரு முறை போனால் ஊழியர் கையிலிருந்து 5 வெள்ளி. பணத்துக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு இந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஊர்ப் பக்கம் யானைக்கால் தடுப்பு மாத்திரை வீடு வீடாகக் கொடுக்கும்போது இவர்கள் இங்கே இருப்பதால் விட்டுப்போகும். விடுப்பில் போகும்போது கிடைத்தால் பணியாளர் முன்னிலையிலேயே விழுங்கலாம், வெறும் வயிற்றில் வேண்டாம்.

மாலை நான்கு மணிக்கு மழை. தொட்டிகளைக் கழுவி, உள்விளிம்பைத் தேய்த்துக் கவிழ்த்தாயிற்று. அடுத்த வெள்ளி இரவு எட்டரை மணி, சுங்கை காடுட், பன்னிரண்டு பேருக்கு இரண்டாம் பூச்சு. போகப் பெயர் கொடுத்திருப்பவர் நான்கு பேர். இரவு வேலைக்காரருக்காகச் சனி காலை ஏழு மணிக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும்.